இல்லத்தின் காற்று

(நமது பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இன்றிரவு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கக் கூடும். தொழுகையையும் ஜகாத்தையும் பேச வேண்டிய இமாம், சன்னலையும் சமையலறைப் புகையையும் ஏன் பேசுகிறார் என்று கேட்கலாம். இதில் நமக்கு ஒரு கடன் இருக்கிறது. அது இருபத்தைந்து ஆண்டுப் பழைய கடன். அதை முதலில் சொல்லி விடுகிறோம்.

அப்போது நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தோம். நம் சாச்சா மௌத்தாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. சாச்சி இத்தாவில் இருந்தார்கள். அவர்களுக்கு இளம் வயது முதலே இளைப்பு நோய் உண்டு. வீட்டின் உள்ளறையில் அவர்களை அமர்த்தி, இருந்த ஒரே சன்னலையும் மூடி, அதன் மேல் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெளிச்சமே படக்கூடாது என்று வீட்டு மூத்த பெண்கள் சொன்னார்கள். மஃரிபு நேரத்தில் அந்த அறையில் சாம்பிராணி போடுவார்கள். இரவில் கொசுவத்தி எரியும். ஒரு நாள் நள்ளிரவில் சாச்சிக்கு மூச்சு முட்டியது. இத்தாவில் இருப்பவரை வெளியே அழைத்துச் செல்லலாமா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்தது. பிறகு வாப்பா அவர்கள் அதட்டிய பின்னரே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். அல்ஹம்து லில்லாஹ், உயிர் பிழைத்தார்கள்.

இத்தா முடிந்து சில மாதம் சென்றபின் ஒரு நாள் சாச்சி நம்மிடம் கேட்டார்கள்: "ஏன் வாப்பா, இத்தாவிலே சன்னலைத் திறக்கக்கூடாதுன்னு கிதாபுலே இருக்கா?"

"இல்லை சாச்சி" என்றோம்.

"அது உனக்கு அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றோம். அந்தப் பாடத்தை நாம் முந்தைய ஆண்டே ஓதியிருந்தோம். பெரியவர்கள் முன்னிலையில் பேசத் துணிவின்றி வாளாவிருந்தோம். சாச்சி அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. எழுபதைக் கடந்த நிலையில் இன்றிரவு மேல்தளத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களின் அனுமதி பெற்றே இதை இங்குக் கூறுகிறோம்.

எனவே, அன்று சொல்லாத மஸ்அலாவை இன்று சொல்கிறோம். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாட்கள் இத்தா இருக்க வேண்டும். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. இக்காலத்தில் தேவையின்றித் தம் இல்லத்தை விட்டு வெளிச்செல்லக் கூடாது. அலங்காரத்தையும் நறுமணத்தையும் தவிர்க்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். சன்னலை அடைப்பதும், சூரிய ஒளியை மறைப்பதும், ஒரே மூலையில் முடக்குவதும் ஃபிக்ஹு நூல்களில் இல்லை. நோயுற்றால் மருத்துவரிடம் செல்வது தேவையில் சேர்ந்தது. அதற்குத் தடை இல்லை. வேடிக்கை என்னவென்றால், நறுமணத்தைத் தவிர்க்க வேண்டியவரின் அறையில்தான் நாம் நாள்தோறும் சாம்பிராணி போட்டு வந்திருக்கிறோம்! சட்டம் சொன்னதை விட்டோம், சொல்லாததைப் பிடித்துக்கொண்டோம்.

பிள்ளை பெற்ற பெண்களின் அறையும் இப்படித்தான். நாற்பது நாளும் கதவடைப்பு, குழந்தையின் தலைமுடியைக் காய வைக்கச் சாம்பிராணிப் புகை. பெரியவர்கள் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தையோ 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. நாம் சற்று நேரம் முகர்ந்து விட்டு அறையை விட்டு வெளியேறும் அதே புகையில் அந்தச் சிறு நுரையீரல் கிடந்து உழல்கிறது. நறுமணத்தை நாம் குறை கூறவில்லை. நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பியவர்கள். ஆனால் அகிலும் சாம்பிராணியும் காற்றைத் தூய்மை செய்வதில்லை. கெட்ட வாடையை மறைக்கின்றன, அத்துடன் நுண்ணிய கரித்துகள்களையும் சேர்க்கின்றன. போட விரும்புவோர் கூடத்தில் வாசலைத் திறந்து வைத்துப் போடட்டும். குழந்தையும் இளைப்பு நோயாளியும் உறங்கும் அறையில் வேண்டாம்.

கொசுவத்தியைப் பற்றி ஒரு செய்தி. 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரியும்போது வெளிப்படும் நுண்துகளின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் எனக் கண்டறியப்பட்டது. வீட்டில் எவரும் புகைபிடிப்பதில்லை என்று பெருமை கொள்கிறோம். இரவு முழுதும் கட்டிலுக்கடியில் இதை எரிய விடுகிறோம். கொசுக்கடி சிறிய தொல்லை அல்ல, டெங்குக் காய்ச்சலை நம் ஊர் அறியும். ஆயினும் சன்னலுக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் கொசுவும் வராது, காற்றும் தடைப்படாது. கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவது அதனினும் மலிவு.

இனி, சன்னலை நாம் ஏன் மூடி வைக்கிறோம் என்பதைப் பார்ப்போம். கொசு ஒரு காரணம். திருட்டு பயம் ஒரு காரணம். நம் தெருக்களில் பெருங்காரணம் கோஷா. எதிர்வீட்டு மாடி உயர்ந்து விட்டது, பெண்கள் புழங்கும் இடம் தெரிகிறது, ஆகவே ஆண்டு முழுதும் சன்னல் அடைத்தே கிடக்கிறது. இந்த வழக்கு புதியதன்று. மாலிக்கி மத்ஹபின் மூலநூலான முதவ்வனாவில், உமர் (ரலி) அவர்களின் காலத்து வழக்கொன்று பதிவாகியுள்ளது. ஒருவர் மாடியறை கட்டிச் சன்னல் வைத்தார். பக்கத்து வீட்டார் முறையிட்டனர். சன்னலருகே ஒரு கட்டிலைப் போட்டு அதன்மேல் ஓர் ஆளை நிற்கச் செய்யுங்கள். அவர் பார்வை அண்டை வீட்டினுள் விழுந்தால் அதைத் தடுங்கள், விழாவிட்டால் விட்டுவிடுங்கள் என்பது அதன் தீர்ப்பு. நாம் ஷாஃபிஈ மத்ஹபினர் எனினும், இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். சன்னல் கூடாது என்று தீர்ப்பாகவில்லை. பார்வை படாத உயரத்தில் காற்றும் ஒளியும் வர வழி இருந்தது. கூரையை ஒட்டிய துளைச் சன்னலும் சிமெண்டு ஜாலியும் இதற்காகவே உள்ளவை. வெப்பக் காற்று மேலே எழுவதால், அது வெளியேற உயரமான திறப்பே ஏற்றது. நம் ஜமாஅத் பஞ்சாயத்திற்கு வரும் சன்னல் வழக்குகளில், செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள் என்று எளிதில் சொல்லி வந்திருக்கிறோம். இனி உயர்த்தி வையுங்கள் என்று சொல்வது சிறப்பு.

பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் இப்னுர் ராமீ என்றொரு கொத்தனார் இருந்தார். காழிமார்கள் கட்டடத் தகராறுகளில் அவரை அழைத்துக் கருத்துக் கேட்பர். அவர் எழுதிய நூலில் அண்டை வீட்டின் புகை, துர்நாற்றம், எட்டிப் பார்க்கும் சன்னல் ஆகிய அனைத்தும் தீங்குகளாக ஆராயப்படுகின்றன. நம் வீட்டுப் புகைபோக்கி எவர் சன்னலை நோக்கி நிற்கிறது, நாம் எரிக்கும் பிளாஸ்டிக் குப்பையின் புகை எவர் தொட்டிலுக்குச் செல்கிறது என்பதும் மார்க்கம் சார்ந்த கேள்வியே.

நம் முன்னோர் கட்டிய வீடுகளுக்கு நடுவே முற்றம் இருந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். முற்றத்தின் வழியே சூடான காற்று மேலேறிச் செல்ல, வாசல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். துபாயில் உழைத்துத் திரும்பிய சகோதரர்கள் அல்ஃபஹீதி பகுதியிலுள்ள காற்றுக் கோபுரங்களின் முன் நின்று புகைப்படம் எடுத்து வந்திருப்பீர்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்க அமைத்தவை அவை. கெய்ரோவின் பழைய வீடுகளிலும் 'மல்கஃப்' என்ற பெயரில் அவ்வமைப்பு உண்டு. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹீ, சிமெண்டுப் பெட்டி வீடுகள் பெருகிய காலத்தில் இவற்றின் அருமையை எடுத்துச் சொன்னார். நாமோ அங்கே சம்பாதித்த பணத்தைக் கொண்டு இங்கே முற்றத்தை மூடினோம்! மழைக்கும் திருடனுக்கும் அஞ்சி மூடியவர்களைக் குறை சொல்ல இயலாது. ஆனால் தகட்டைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தாமல் ஒரு முழம் உயர்த்தி, இடைவெளியில் கம்பிவலை வைத்தால் இரண்டும் நிறைவேறும்.

சமையலறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டினுள் விறகு, வரட்டி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பெண்களும் குழந்தைகளுமே அதிகம் பாதிக்கப்படுவோர். எரிவாயு அடுப்பு வந்ததால் நம் பெண்கள் அந்தக் கரியிலிருந்து பெரும்பாலும் மீண்டனர். ஆயினும் எரிவாயுச் சுடரிலிருந்தும் நைட்ரஜன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது, மீன் பொரிக்கும் எண்ணெய்ப் புகை தனி. புகை வெளியேற்றும் விசிறி இருந்தால் அடுப்பு மூட்டும் முன்பே அதைப் போட்டு, சமைத்து முடிந்த பின்னும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிரியாணிச் சட்டியை மட்டும் விரும்பி, விசிறியின் பிசுக்கைத் துடைக்க மறுக்கும் ஆண்களும் இதைச் செவியுறுவார்களாக.

குளியலறையில் எரிவாயுவால் நீர் சுடவைக்கும் கருவி பொருத்தியோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். காற்றுப் போதாத சிறு அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளி சேர வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது சென்று அமர்ந்துகொள்ளும். தலை சுற்றுகிறது என்று உணர்ந்து தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். அக்கருவியைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள். மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியோர் மாண்ட செய்தி கொடைக்கானலிலிருந்தும் வந்துள்ளது. உறங்கும் முன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் தீ விபத்துடன் மட்டும் தொடர்புபடுத்திப் படித்து வந்தோம். இந்த நன்மையும் அதில் அடங்கியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் பூத்துக் கருமை படர்கிறதே, அது பூஞ்சை. அதன் மேல் சுண்ணாம்போ வண்ணமோ அடித்தால் மறுமாதமே திரும்ப வரும். கசிவை அடைக்க வேண்டும். ஈரத்துணியை அறைக்குள் உலர்த்துவதைக் குறைக்க வேண்டும். பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். காற்றைத் தூய்மை செய்யும் என்று செடித்தொட்டி வாங்குவோர் அழகுக்காக வாங்கட்டும். ஒரு சன்னல் செய்யும் வேலையை அறை நிறையச் செடி வைத்தாலும் செய்யாது.

இறுதியாக, நம் பள்ளிவாசலின் குறையைச் சொல்ல வேண்டும். உள்பள்ளியில் குளிர்சாதனம் பொருத்திய நாள் முதல் சன்னல்களை அடைத்து விட்டோம். ஜும்ஆவில் பலர் கண்ணயர்வதைக் கண்டு, நமது பயான்தான் காரணமோ என்று வருந்தியிருக்கிறோம். இப்போது ஓரளவு ஆறுதல் கிடைத்தது. நாம் பொருத்தியிருக்கும் வகைக் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதே இல்லை. உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு உள்ளது. அறைக்குள் அது ஆயிரத்தைத் தாண்டினால் காற்று பழுதாகிவிட்டது என்று ஜெர்மானிய அறிஞர் பெட்டன்கோஃபர் 1858லேயே அளவு வகுத்தார். மஹல்லாவின் மருத்துவ மாணவர் ஒருவர் அளவுக் கருவி கொண்டு வந்து மிம்பரின் அருகே வைத்தார். குத்பா முடிவதற்குள் அது அந்த ஆயிரத்தை வெகுதூரம் கடந்துவிட்டது. பெருந்தொற்றுக்குப் பின் 2020 செப்டம்பரில் பள்ளிவாசலைத் திறந்தபோது எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்துத் தொழுதோம். அச்சம் நீங்கியதும் மீண்டும் மூடிவிட்டோம்.

நிர்வாகக் குழுவுடன் பேசி முடிவெடுத்துள்ளோம். வரும் ஜும்ஆ முதல் கீழ்ப்புறச் சன்னல்கள் இரண்டும், மேற்கூரையை ஒட்டிய ஆறு துளைச் சன்னல்களும் திறந்தே இருக்கும். குளிர் சற்றுக் குறையும், மின்கட்டணம் சற்றுக் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள். சன்னல்களுக்குக் கம்பிவலை அடிக்கும் செலவைச் சகோதரர் ஒருவர் பெயர் கூற வேண்டாம் என்று சொல்லி ஏற்றுள்ளார்.

இன்னொன்று. இனி நம் மஹல்லாவில் மௌத்து நேர்ந்த வீட்டில் துஆ ஓதி முடித்ததும், இத்தா இருப்பவரின் அறையில் சன்னல் திறந்திருக்கிறதா என்று வீட்டாரிடம் நாமே கேட்போம். அதைத் தலையீடு என்று எவரும் வருந்த வேண்டாம். வஸ்ஸலாம்.