நாளுக்கு மூன்று அதிகாரம்



இலக்கிய உரைத் தொடரில் வேதாகமத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், "அது கோயிலிற் பேசவேண்டிய விடயமல்லவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தமிழ் வேதாகமத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த ஐயம் எழ நியாயமில்லை. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியிலே புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715 இல். ஒல்லாந்தர் காலத்தில் நம் நாட்டுத் தமிழரான பிலிப்பு தெ மெல்லோ செய்த மொழிபெயர்ப்பு 1759 இல் கொழும்பில் வெளிவந்தது. பின்னர் யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக ஆறுமுக நாவலர் உழைத்த மொழிபெயர்ப்பு 1850 இல் சென்னையில் அச்சேறியது. சைவத்துக்காகவே வாழ்ந்த நாவலரின் கை பட்ட நூலை இலக்கியமென்று பேசுவதற்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால், மொழிபெயர்ப்பின் வரலாற்றைச் சொல்ல நான் வரவில்லை. ஒரு வாசிப்புப் பழக்கத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் அதைத் தொடக்கியவர் அம்மம்மா. தை முதலாம் திகதி ஆதியாகமம் முதலாம் அதிகாரம். கிழமை நாட்களில் நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து. புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். இந்தக் கணக்கில் வாசித்துப் போனால் மார்கழி முடிவதற்குள் வெளிப்படுத்தின விசேஷம் முடிந்து, இரண்டொரு நாள் மிச்சமும் வரும். அந்த மிச்சம் காய்ச்சல் தடிமனுக்கு என்பார் அம்மம்மா.

இப்படி வாசிப்பதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. எதையும் தாண்டக்கூடாது. இருபத்து மூன்றாம் சங்கீதத்தையும், பவுல் அன்பைப் பற்றி எழுதிய அதிகாரத்தையும் எல்லாரும் வாசிப்பார்கள். குழம்பிலே மீன் துண்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு எழும்புவது போன்றது அது. வரிசையாக வாசிப்பவன் முன்னால் எண்ணாகமத்துத் தொகைக் கணக்குகளும், நாளாகமத்து வம்ச அட்டவணைகளும், எஸ்றாவின் பதிவேடும் ஒருநாள் வந்தே தீரும். சிறுவர்களான எங்களுக்கு அவை பெரும் வாதை. விளக்கைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு அதிகாரமாக உரத்து வாசிக்கும்போது, வாயில் நுழையாத பெயர்களை நாங்கள் மென்று விழுங்கிவிடுவோம். அம்மம்மாவுக்குக் கண் மங்கியிருந்ததே தவிரக் காது மங்கவில்லை.

"பிள்ளை, பேருகளை விழுங்காதை. அதுகளும் ஆக்கள்தான்."

இந்தப் பெயர்ப் பட்டியல்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். வேதாகமத்தை இலக்கியமாகப் பார்க்கும் அறிஞர்கள் யோபுவின் கவிதையைப் புகழ்வார்கள். ரூத்தின் கதையமைப்பை வியப்பார்கள். இரண்டும் சரி. பட்டியலை எடுத்துப் பேசுபவர் மிகக் குறைவு.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மானிப்பாயிலிருந்து நாங்களும் நடந்தோம். மழை. செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தை அடைவதற்கே இரவு முழுவதும் சென்றது. சைக்கிள் கரியரில் அம்மம்மா. ஹான்டிலில் தொங்கிய சீலைப் பையில் இரண்டு சேலை, உறுதிப் பத்திரங்கள், வேதாகமம். முதலிற் கைதடி. பிறகு சாவகச்சேரி. அங்கும் இடமில்லாமற் கொடிகாமம். பின்னர் மிருசுவிலில், தெரிந்தவர் ஒருவரின் மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கிக் கிடுகு கட்டி இருந்தோம்.

மார்கழிக் குளிரில் அம்மம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. தை மாதம் பத்தாம் நாள் காலமானார். வயது எண்பத்தொன்று. அங்கேயே அடக்கம் செய்தோம்.

வாசிப்பு நிற்கவில்லை. நிறுத்துவதற்கு எங்களுக்குத் துணிவு வரவில்லை என்பதே சரி. மாசி மாத நடுவில் கணக்குப்படி எண்ணாகமம் முப்பத்து மூன்றாம் அதிகாரம் வந்தது. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் வழியில் எங்கெங்கே தங்கினார்கள் என்ற பட்டியல் அது. நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள். ஓரிடத்தை விட்டுப் புறப்பட்டார்கள், இன்னோரிடத்திற் பாளயமிறங்கினார்கள். அங்கிருந்து புறப்பட்டார்கள், மற்றோரிடத்திற் பாளயமிறங்கினார்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். மோசே அதைக் கடவுளின் கட்டளைப்படி எழுதிவைத்தார் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இந்தத் தங்குமிடங்களுக்கென்றே ஒரு நீண்ட பிரசங்கம் செய்து, அவற்றை ஆன்மாவின் பயணப் படிகளாகக் கண்டார். அந்த விளக்கம் அழகானது. ஆனால், மாட்டுக்கொட்டிலில் இருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

அன்று அதை வாசித்தவர் என் தாயார். சுக்கோத், ஏத்தாம், மாரா என்று ஒவ்வொரு பெயரையும் முழுதாகச் சொல்லி வாசித்தார். ஏலிமில் பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்சமரங்களும் இருந்தன என்கிறது அந்தப் பட்டியல். ரெவிதீமிற் சனங்களுக்குக் குடிக்கத் தண்ணீரில்லை என்கிறது. கிணறு எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதை இடம்பெயர்ந்தவன் சாகும்வரை மறக்கமாட்டான். கைதடியில் நாங்கள் நீரள்ளிய கிணற்றின் கட்டு எந்தப் பக்கம் இடிந்திருந்தது என்று இன்றைக்கும் என்னாற் சொல்லமுடியும்.

பட்டியல் ஓரிடத்திலே மட்டும் சற்றுத் தரிக்கிறது. ஓர் என்னும் மலையில் ஆரோன் இறந்துபோகிறான். எந்த ஆண்டு, எந்த மாதம், எத்தனையாம் நாள் என்று குறித்து, வயது நூற்று இருபத்து மூன்று என்றும் எழுதிவிட்டு, மீண்டும் புறப்பாடு, மீண்டும் பாளயம். புலம்பல் ஒரு சொல் இல்லை. தாயார் அந்த வசனத்தில் நின்றார். விளக்குத் திரியைச் சிறிது தூண்டினார். பிறகு மிகுதியை வாசித்து முடித்தார். அந்த அதிகாரத்தை எழுதியவர் நடந்து வந்தவர்தான் என்பதில் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமில்லை. இது ஆராய்ச்சியாளர் ஏற்கும் சான்றல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த மாதங்களில் நாங்களே பட்டியல்களில் வாழ்ந்தோம். கிராம சேவையாளரின் பதிவில் குடும்பத் தலைவர் பெயர், அங்கத்தவர் தொகை, பழைய விலாசம். பெயர் இருந்தால் நிவாரண அட்டை. அட்டை இருந்தால் அரிசி, மா, பருப்பு. பெயர் விடுபட்ட ஒரு வயோதிபர் மூன்று நாள் வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களிற் சிலர் வம்ச அட்டவணையிலே தங்கள் பெயரைத் தேடிக் காணாமல் ஆசாரிய ஊழியத்திலிருந்து தள்ளப்படுகிறார்கள். இரண்டே வசனங்களில் முடிந்துவிடும் செய்தி. அந்தக் கிழவரின் முகமில்லாமல் அதை வாசிக்க என்னால் இப்போது முடிவதில்லை.

1996 சித்திரையில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு வந்தபின் சனங்கள் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். நாங்கள் வைகாசி முதற் கிழமையில் மானிப்பாய் வந்து சேர்ந்தோம். வீடு நின்றது, ஓடுகள் இல்லை, கதவு நிலைகள் இல்லை. படலையிலிருந்து விறாந்தை வரை ஆளுயரப் பற்றை. அந்த நாட்களில் வாசிப்பு நெகேமியாவின் புத்தகத்தில் நின்றது. இதை நாங்கள் தேடி எடுக்கவில்லை. கணக்குப்படி தானாக வந்தது.

நெகேமியா மூன்றாம் அதிகாரம் எருசலேமின் இடிந்த மதிலை யார் யார் எந்தெந்தப் பகுதியிற் கட்டினார்கள் என்ற பட்டியல். வாசித்துப் பாருங்கள் நேயர்களே, அது ஓர் ஊரின் படம். கட்டியவர்களிலே தட்டார் இருக்கிறார்கள், தைலம் செய்பவன் இருக்கிறான். சல்லூம் என்பவன் தன் பெண்மக்களையும் கூட்டிவந்து கட்டுகிறான். தெக்கோவா ஊரார் கட்டுகிறார்கள். அவ்வூர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் கழுத்துக் கொடுக்கவில்லை என்று குறித்து வைத்திருக்கிறார்கள். (எல்லா ஊரிலும் அப்படிச் சிலர் உண்டு, நாங்கள் எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான்.) பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டுகிறார்கள். மெசுல்லாம் என்பவன் தன் அறைக்கு எதிரே கட்டினான் என்று வருகிறது. அறை! வீடென்று சொல்ல அவனுக்கு அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை போலும்.

எங்கள் ஒழுங்கையிலும் அன்று அவரவர் தம் படலைக்கு முன்னால் நின்று பற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வீட்டு ஆசிரியர், பக்கத்து வளவுத் தையற்கார அக்கா, வாடகை அறையொன்றில் தனியாக இருந்த தபாற்காரர். திரும்பிவராத வீடுகளுக்கு முன்னால் பற்றை அப்படியே நின்றது. அந்தத் துண்டுகளையும் ஒரு ஞாயிறு பின்னேரம் சேர்ந்து வெட்டினோம்.

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. மொழியின் ஓசைக்காகப் பழைய மொழிபெயர்ப்பையும், பொருள் துலங்காத இடத்தில் 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பையும் இப்போது பக்கத்திற் பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன். விளக்கைச் சுற்றி இருந்தவர்களில் இருவர் கனடாவில், ஒருவர் இல்லை. வீட்டில் வேறு ஆளில்லாவிட்டாலும் பெயர்களை உரத்தே வாசிக்கிறேன்.

இது சித்திரை மாத நடுப்பகுதி. நாளைய பங்கில் முதலாம் நாளாகமம் ஒன்பதாம் அதிகாரம் வருகிறது. ஆலயத்துப் பாத்திரங்களை எண்ணி வெளியே கொடுத்து, எண்ணி உள்ளே வாங்கும் ஆட்கள் அதில் இருக்கிறார்கள். சட்டியிற் சுடும் பணியாரத்துக்குப் பொறுப்பாக மத்தித்தியா என்று ஒருவர் இருக்கிறார். அவரைச் சந்தித்து ஒரு வருடமாகிறது.