காயத்திற்குப் பின்னும் கைவிடோம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வி வளர்க்கும் இச்சங்கத்தில், கற்க வேண்டிய உயிர்களைக் காப்பது பற்றியும் பேசுதல் நம் கடமை. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வோரைக் குறித்து இன்று சிந்திப்போம்.

இவர்கள் அனைவரும் சாக விரும்புவோர் அல்லர். அவமானத்தையும் வெறுமையையும் சொல்ல வழியின்றி, உடல் நோவால் உள்ளத்தின் நோவைத் தணிக்க முயல்வோரும் உளர். இறக்கும் எண்ணத்துடன் செய்வோரும் உளர். எவ்வாறாயினும், ஒருமுறை செய்தவர்க்குப் பின்னர் ஆபத்து மிகுதி. ஆகவே, ‘வெறும் மிரட்டல்’ என்று ஒதுக்குதல் தகாது. சாகும் எண்ணம் உண்டா என்று கனிவுடன் நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைக்காது. மாறாக, மனப்பாரம் குறையும்.

காவல் நிலையத்திற்கு அஞ்சியே மருத்துவமனைக்குச் செல்லாத குடும்பங்கள் நம்மிடையே இருந்தன. அங்கு அவமதிப்பையே கண்ட மக்களுக்கு அவ்வச்சம் இயல்பே. ஆயினும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. எனவே, மறைக்க வேண்டா; விரைந்து கொண்டு செல்லுங்கள்.

காயத்திற்குக் கட்டுப் போடுவதோடு மருத்துவம் முடிவதில்லை. மனச்சோர்வு, குடிப்பழக்கம், கடன், குடும்பப் பூசல் ஆகிய காரணங்களைப் பொறுமையாய்க் கேட்டறிந்து, மனநல மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுதல் வேண்டும். ஏளனச் சொல் ஒன்றே நோயாளியை மறுமுறை வாராமல் செய்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் நடைபெற்று, 2008இல் வெளியாயிற்று. தற்கொலைக்கு முயன்று பிழைத்தோரிடம் ஒரு மணி நேரம் பேசி, பின்னர் 18 மாதங்களில் 9 முறை நலம் விசாரித்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 100க்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தனர். நலம் விசாரிக்கப்பட்டோரிலோ 0.2 பேரே. பெருஞ்செலவு இல்லை, மறவாமல் விசாரித்ததே மருந்தாயிற்று.

இளைஞர்களே! இது நம்மால் இயலாததா? மருத்துவமனையிலிருந்து திரும்பியவரின் வீட்டிற்குச் செல்லுங்கள். ‘ஏன் செய்தாய்?’ என்று அதட்டாமல், ‘சாப்பிட்டாயா?’ என்று கேளுங்கள். அபாயமான பொருள்களை அகற்றி வைக்க உதவுங்கள். அடுத்த சிகிச்சை நாளில் உடன் செல்லுங்கள். கட்டணமின்றி எந்நேரமும் பேசத்தக்க 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை வீடுதோறும் எழுதி வையுங்கள்.

பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையைப் போலவே, நாம் காத்த உயிர்களும் இச்சங்கத்தின் பெருமையாக அமையட்டும்.