ஆணுக்கும் சோதனை வேண்டும், பெண்ணுக்கும் பேர் வேண்டும்

(லிந்துலையில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"புற்றுநோய்க்கு ஒதுக்கும் காசெல்லாம் பொம்பளைகளுக்கே போகுது, ஆம்பளைக்கு என்ன இருக்கு?" என்று பிரட்டுக்களத்தில் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இலங்கையில் பெண்களுக்கு அதிகம் வருவது மார்புப் புற்றுநோய். ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கு 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. அங்கே மார்பைப் பார்க்கிறார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துக்குப் பாப் சோதனை செய்கிறார்கள். 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. ஆண்களுக்கென்று இப்படி ஒரு தனிக் கிளினிக் இல்லை.

ஆனால் வாய்ப் புற்றுநோய் ஆண்களின் நோய் மட்டுமா? கவ்வாத்துக்குப் போகும் அண்ணனிடமும் வெற்றிலை உண்டு, கொழுந்தெடுக்கும் அக்காவிடமும் உண்டு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் அறிவித்தது.

ஆராய்ச்சிக் காசையும் பாருங்கள். அமெரிக்காவில், பறிபோகும் உயிர்களோடு ஒப்பிட்டால் மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு அதிகம், கருப்பைப் புற்றுநோய்க்குக் குறைவு. இரண்டும் பெண்களின் நோய்தான். ஆகவே இது ஆணுக்கும் பெண்ணுக்கும் சண்டை அல்ல. யாருக்காகப் பேச ஆள் இருக்கிறதோ, அங்கே காசு போகிறது. தோட்டத் தொழிலாளியின் வாய்க்காக நாம்தான் பேச வேண்டும்.

கிளினிக் இருந்தால் மட்டும் போதாது. அரை நாள் போனால் அரைப்பேர். அதனால் "பிறகு பார்ப்போம்" என்கிறோம். நோய் முற்றிய பிறகு கண்டிக்கும் மகரகமைக்கும் அலைகிறோம். பஸ் காசும், கூடப் போகிறவரின் பேரும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன.

நாங்கள் கேட்பது மூன்று:

1. கிளினிக் நாளில் ஆண், பெண் இருவருக்கும் முழுப்பேர்.
2. வருடத்துக்கு ஒரு தடவையாவது தோட்டத்துக்கே வந்து எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனை.
3. மலையகத்தின் வாய்ப் புற்றுநோய் பற்றி ஆராய அரசாங்கத்தின் தனி ஒதுக்கீடு.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறக்கக் கஷ்டம், மார்பில் கட்டி — எதுவானாலும் மறைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வெட்கமும் வேண்டாம், பயமும் வேண்டாம். நேரத்தோடு கண்டால் காப்பாற்றலாம்.

பேர் வெட்டினால் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கம் கேட்கும்.