நான்கு கட்டங்கள் சொன்னதும் சொல்லாததும்



1973ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்ட மேற்படிப்புக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 விழுக்காட்டினருக்குத்தான். பெண் என்பதால் ஒதுக்கினார்களா? பீட்டர் பிக்கெல், யூஜின் ஹாமெல், வில்லியம் ஓ'கானெல் மூவரும் இதை ஆராய்ந்து 1975இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

பாலினம், இடம் கிடைத்தல் என்ற இரு பண்புகளுக்கும் தொடர்பே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,763 பேரில் இடம் பெற்றவர்கள் 5,232 பேர். அதாவது 41 விழுக்காடு. அதே விகிதம் பெண்களுக்கும் பொருந்தியிருந்தால் 1,771 பெண்களுக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது 1,494 பேருக்கு. 277 பேர் குறைகிறார்கள். இது தற்செயலாக நேரக்கூடிய குறைவுதானா என்பதை அளப்பதே கை வர்க்கச் (chi-square) சோதனை. ஆண், பெண் இரு வரிசை, இடம் பெற்றவர், பெறாதவர் இரு நிரல் என நான்கு கட்டப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டினால் ஏறத்தாழ 111 வருகிறது.

இந்த 111ஐ எதனோடு ஒப்பிடுவது? 1900இல் இந்தச் சோதனையை வகுத்த புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், நான்கு கட்டப் பட்டியலுக்குக் கட்டின்மைப் பாகைகள் (degrees of freedom), அதாவது நம் விருப்பப்படி நிரப்பக்கூடிய கட்டங்கள், மூன்று என்று கொண்டார். ரொனால்ட் ஃபிஷர் 1922இல் மறுத்தார். பட்டியலின் ஓரத்திலுள்ள வரிசை, நிரல் கூட்டுத்தொகைகள் நம் கையில் இருக்கும்போது, ஒரு கட்டத்தை நிரப்பினால் மற்ற மூன்றும் தாமாகவே நிரம்பிவிடும். ஆகவே பாகை ஒன்றுதான் என்றார். பியர்சன் கடுமையாக எதிர்த்தார். ஆனால் சரி ஃபிஷர் பக்கமே. ஐந்து விழுக்காட்டு அளவில் பாகை மூன்றுக்கு எல்லை 7.81, பாகை ஒன்றுக்கு 3.84. இடைப்பட்ட மதிப்பு வந்த ஆய்வுகளில், தொடர்பு இருந்தும் இல்லையென்று தள்ளியிருப்பார்கள். அதனால்தான் இந்தப் பழைய சண்டையை இன்னும் வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்கிறேன்.

பெர்க்லியில் 111 எந்த எல்லையையும் தாண்டிவிட்டது. தொடர்பு உண்டு, ஐயமில்லை. ஆனால் துறைவாரியாகப் பிரித்ததும் படம் மாறியது. ஆராயத்தக்க 85 துறைகளில் பெண்களுக்குப் பாதகமாகத் தெளிவான வேறுபாடு இருந்தவை நான்கு. ஆண்களுக்குப் பாதகமாக இருந்தவை ஆறு!

பெரிய ஆறு துறைகளை மட்டும் பாருங்கள். அவற்றில் இரண்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் இடம் கிடைத்தது. ஆறிலும் விண்ணப்பித்த 2,691 ஆண்களில் 1,385 பேர் அந்த இரண்டையே நாடினார்கள். 1,835 பெண்களில் வெறும் 133 பேர். மற்ற பெண்கள் எல்லாரும் போட்டி மிகுந்த துறைகளின் வாசலில் நின்றார்கள்.

இதை வைத்துப் பல்கலைக்கழகத்தின் மேல் குறையே இல்லை என்று முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தத் துறைக்கு எத்தனை இடம், எதற்கு எவ்வளவு பணம் என்பதும் யாரோ எடுத்த முடிவுதானே. ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: எளிதில் இடம் கிடைத்த துறைகள் பெரும்பாலும் கணிதம் கேட்டவை, பெண்கள் அங்கே குறைவாக விண்ணப்பித்தார்கள். கணிதத்திலிருந்து அந்தப் பெண்கள் எந்த வயதில் விலகினார்கள், யார் விலக்கினார்கள் என்று அறிய, சேர்க்கை அலுவலகத்தின் பதிவேடு போதாது; அவர்கள் படித்த பள்ளிகளின் பதிவேடுகளைப் புரட்டியிருக்க வேண்டும்.