அரிதாரமும் கேமரா கண்ணும்



தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நாட்டிய நாடகம் நடக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். பிரகலாதனின் தாய் லீலாவதி மேடைக்கு வந்து நின்றால், நேற்று கடைத்தெருவில் பார்த்த மனிதரா இவர் என்று தோன்றும். எல்லாம் அரிதாரம் செய்கிற வேலை.

நம் கண்ணையே மாற்றுகிற அரிதாரம், கேமராவை ஏமாற்றுமா? ஏமாற்றும். சில நேரம்.

முகத்தை அடையாளம் காணும் கருவி பெரும்பாலும் கண், மூக்கு, புருவத்தின் அமைப்பையும், முகத்தில் விழும் நிழலையும் வைத்து ஆளை அறிகிறது. மை தீட்டினால் நிழல் மாறும். நிழல் மாறினால் கருவி தடுமாறும். 2010-இல் ஆடம் ஹார்வி என்ற கலைஞர் முகத்தில் திட்டுத்திட்டாகச் சாயம் தீட்டி, முடியையும் முன்னால் விழவிட்டார். அங்கே ஒரு முகம் இருப்பதே அன்றைய கருவிக்குத் தெரியவில்லை. இன்றைய கருவிகள் தேறிவிட்டன. ஆனாலும் கனத்த ஒப்பனை அவற்றையும் குழப்பலாம்.

இது நமக்கு எதற்கு? நாற்று நட்டு, களை பறித்து, ரேகை தேய்ந்த கைகள் நம் டெல்டாவில் எத்தனை! அந்த விரலை ரேகை பார்க்கும் இயந்திரம் பல நேரம் ஏற்பதில்லை. அவர்களுக்கு முகம்தான் கைகொடுக்கும். ஓய்வூதியர்கள் முகம் காட்டியே உயிர்வாழ் சான்று தரும் வசதி 2021 நவம்பரில் வந்தது. அதைக் கேட்டபோது மனம் நிறைந்தது.

ஒப்பனை கருவியைக் குழப்பலாம் என்பதால், முகத்தைப் பதியும்போது கழுவிய முகமாக இருங்கள். தினமும் வைக்கும் பொட்டு இருக்கட்டும். கல்யாண மேக்கப் வேண்டாம். இன்னொருவர் உங்களைப்போல வேடமிட்டும் வரலாம். பணம் இருக்கும் போனுக்கு, முகத்தோடு ஒரு ரகசிய எண்ணும் வையுங்கள்.