கல்விக் கடனும் கணிப்பொறிப் பட்டமும்

(சோளக்காட்டில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியின் சிறப்பை எடுத்துரைக்க யான் ஈண்டு வந்தேனல்லேன். காரவள்ளி அடிவாரம் வரை 70 வளைவுகள் இறங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பும் உங்கட்கு அதனைக் கூற வேண்டுவதில்லை. கடன்பட்டுப் பெறும் கணிப்பொறிப் பட்டம் அக்கடனைத் தானே தீர்க்குமா என்பதொன்றே இன்று யான் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் கடனை நோக்குவோம். 4 லட்சம் ரூபாய் வரை ஈடின்றிப் பாங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. பெற்றோரும் உடன்கடனாளியாய்க் கையொப்பமிடல் வேண்டும். படிக்கும் 4 ஆண்டும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. இதனைக் கேட்ட அளவில் நம்மவர் மகிழ்கின்றனர். ஆயின், தவணைதான் நின்றதேயன்றி வட்டி நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சமாக 4 லட்சம் பெற்று, நூற்றுக்கு 10 வட்டி என்று கொண்டால், ஐந்தாம் ஆண்டின் முடிவில் தனிவட்டி மட்டும் ரூ. 1,40,000 ஆகும். கடன் ரூ. 5,40,000 என நிற்கும். அதனைப் பத்தாண்டில் தீர்க்க மாதந்தோறும் ஏறத்தாழ ரூ. 7,140 கட்ட வேண்டும். ‘பதினைந்தாண்டு கொள்க, தவணை குறையும்’ என்பர். ரூ. 5,800 ஆகக் குறையும் என்பது மெய்யே. ஆனால் மொத்தத்தில் கட்டும் தொகை 10 லட்சத்தைக் கடந்துவிடும்.

இனி வருவாயை நோக்குவோம். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளிற் பெரும்பாலார்க்குத் தரும் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பத்தாண்டிற்கு மேலாக நிற்கின்றது. அரிசி விலையும் அறை வாடகையும் அவ்வாறு நின்றனவல்ல. பிடித்தங்கள் போக மாதம் ரூ. 24,000 கைக்கு வருகின்றது எனக் கொள்வோம். சென்னையில் உணவிற்கும் உறையுளுக்கும் ரூ. 13,000 போயின் எஞ்சுவது 11,000. அதிற் கடன் தவணை 7,140 போக, வீட்டிற்கு அனுப்ப நாலாயிரமும் இராது. இது வேலை கிடைத்தவனது கணக்கு. பெயரறியாக் கல்லூரியிற் படித்து 12,000 ரூபாய்ச் சம்பளத்திற் சேர்ந்தவன் தவணையைக் கட்டுவானா, தானுண்பானா? வேலையும் என்றும் நிலைத்ததன்று. டி.சி.எஸ். போன்ற பெருநிறுவனமே 12,000 பேரளவில் ஆட்குறைப்புச் செய்வதாக 2025 ஜூலையில் அறிவித்தது.

அன்பர்களே! நம் மலைக்குரிய இடர்ப்பாடு மற்றொன்றும் உண்டு. நமக்கு மிளகும் காப்பியும் பணம் தருவது ஆண்டில் ஒரு பருவத்திலேயாம். பாங்கியின் தவணையோ மாதந்தோறும் வருவது. பிள்ளை கட்டத் தவறின், உடன் கையொப்பமிட்ட தந்தை, கொடியில் மிளகு முதிருமுன்னரே அதனை வியாபாரிக்குக் குறைந்த விலை பேசி முன்பணம் வாங்க நேரும். அப்பொழுது ஒரு கடன் இரு கடனாகும்.

அங்ஙனமாயின் நம் பிள்ளைகள் எஞ்சினீயர் ஆதல் கூடாதோ எனின், ஆகவே வேண்டும். கடன் வாங்குமுன் நமக்குரியதை வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் படித்தவர்க்கு எஞ்சினீயரிங் படிப்பில் நூற்றுக்கு 7½ இடம் 2021 முதல் ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்விடம் பெற்றார்க்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது. பழங்குடியினர்க்கு நூற்றுக்கு ஓரிடம் தனியே உண்டு; பெற்றோர் ஆண்டு வருமானம் 2½ லட்சத்திற்கு உட்படின் உதவித்தொகையும் உண்டு. குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. இவையெல்லாம் அரசுக் கலந்தாய்வின் வழியே இடம் பெறுவார்க்கு உரியன.

இவற்றை அறியாமையாலன்றோ தரகர் நம் வீட்டுத் திண்ணையில் அமர்கின்றனர்! ‘இன்றே முன்பணம் கட்டினால் கம்ப்யூட்டர் பிரிவு உறுதி, வேலையும் உறுதி’ என்கின்றனர். நிர்வாக ஒதுக்கீட்டில் அவர்கள் காட்டும் இடத்திற்குத் தாயின் தாலிக்கொடியும் அடகு போகின்றது. சேலம் அரசு எஞ்சினீயரிங் கல்லூரி போன்ற இடங்களிற் சிறு செலவிற் கிட்டும் பட்டத்தை நாம் லட்சங்கொடுத்து வேறிடத்தில் வாங்குதல் அறிவுடைமையாகாது. மதிப்பெண் குறைந்தோர்க்கும் வழியுண்டு: பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமா முடித்து, எஞ்சினீயரிங்கில் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரலாம். இடையில் வேலைக்குச் செல்லவும் கைத்தொழில் ஒன்று அவனிடம் இருக்கும்.

இத்துணையும் செய்த பின்னரும் பணம் போதாதாயின் கடன் பெறுக, அது குற்றமன்று. விரலுக்குத் தக்க வீக்கம் என்றபடி அதற்கோர் அளவு வேண்டும். கல்லூரியில் அண்மையிற் படித்து வெளியேறிய நம்மவர் இருவர் மூவரை வினவி, அவர் பெறும் சம்பளத்தை அறிக. தரகர் கூறும் உயர்ந்த சம்பளத்தைக் கொள்ளற்க. அதில் மூன்றிலொரு கூற்றிற்குத் தவணை மேற்படுமாயின் அக்கடன் வேண்டா. ஆண்டு வருமானம் 4½ லட்சத்திற்கு உட்பட்டோர் தரச்சான்று பெற்ற கல்லூரியிற் படித்தால், தவணை தொடங்குமுன் சேரும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. அதனைக் கேட்டுப் பெற்றால், யான் முன் சொன்ன 7,140 ரூபாய்த் தவணை 5,290 ஆகிவிடும். ஒரு விண்ணப்பத்தின் பயன் மாதம் 1,850 ரூபாய்!

இறுதியாக நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். கோட்டாட்சியரிடம் சாதிச் சான்றிதழ் பெறுதற்கே காலம் செல்லுமாதலின், பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்பொழுதே அதற்கு முயலச் செய்க. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், படித்த இளைஞர் நால்வர் இச்சந்தைத் திடலருகே அமர்ந்து, வருவோர்க்குக் கலந்தாய்வு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க. கடன் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் ஒவ்வொரு தந்தைக்கும் மாதத் தவணை இவ்வளவென்று தாளில் எழுதிக் காட்டுக. மிளகை நிறுத்து விற்கும் நாம், பிள்ளையின் பத்தாண்டு உழைப்பை நிறுக்காமற் கொடுத்தல் தகுமா?