முதலில் காது, பிறகு குரல்

சிவகாசியில் ஒருவர் சாயங்காலம் மொட்டை மாடியில் அண்ணாந்து நின்றால், புது ரக வாணம் ஏதோ விட்டுப் பார்க்கிறார் என்றுதான் பக்கத்து வீட்டார் நினைப்பார்கள். நான் சொல்லும் ஆள் கையில் ஊதுவத்தி இல்லை. மீன்முள் மாதிரி குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா ஒரு கையில், வாக்கி-டாக்கி மறு கையில், காதில் இயர்போன். வானத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தெற்கே தொடங்கி, உச்சிக்கு ஏறி, வடக்கே இறங்கும் எதையோ அவர் ஆன்டெனாவால் பின்தொடர்கிறார். பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். முடிந்ததும் காப்பி குடிக்கக் கீழே போய்விடுவார்.

செயற்கைக்கோள் வழியாக வெளியூர்க்காரரோடும் வெளிநாட்டுக்காரரோடும் பேசும் ஹாம் ரேடியோ இதுதான். இந்தப் பொழுதுபோக்கில் எது அருமை, எது குறை என்று இன்று கொஞ்சம் எடைபோட்டுப் பார்ப்போம்.

"கைபேசியில் துபாய்க்காரரை முகம் பார்த்தே பேசலாமே, இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். தூரம் மட்டுமே பெருமை என்றால் இது என்றைக்கோ தோற்றுப்போன ஆட்டம். இதன் அருமை தூரத்தில் இல்லை, கேட்பதில் இருக்கிறது.

ஹாம்கள், அதாவது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள், பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு அதை மறித்துவிடும். அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் இருந்தால், அதன் பார்வை எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் விரியும். அந்த வட்டத்தின் இரு ஓரங்களில் நிற்பவர்கள், நடுவில் ஐயாயிரம் கிலோமீட்டர் இருந்தாலும், அதன் வழியாகப் பேசிக்கொள்ளலாம்.

நம் நாடே அப்படி ஒன்றை உலகத்து ஹாம்களுக்குக் கொடுத்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் போன ஹாம்சாட். எடை 42.5 கிலோ. ஹாம்கள் வைத்த பெயர் விஓ-52. அதில் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு: ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றொன்று நெதர்லாந்து ஹாம் ஒருவர் செய்தது. இரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பியது, ஒன்பது வருடம் உழைத்தது. 2014 ஜூலையில் பேட்டரி கெட்டு ஓய்ந்தது. 2009-இல் போன அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட்டிலும் ஹாம்களுக்கு வேலை இருந்தது. அனுப்பும் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, வேறோர் இடத்தின் மேல் வரும்போது இறக்கிக் கொடுக்கும் வசதி அதில் இருந்தது.

ஹாம்சாட் வேலை செய்த விதம் அழகு. நீங்கள் 435 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பினால், அது 145-இல் கீழே இறக்கும். ஆனால் தலைகீழாக. கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியது மாதிரி. இந்த வாளி ஏறினால் அந்த வாளி இறங்கும். நீங்கள் அலைவரிசையைக் கூட்டினால் கீழே வரும் குரல் குறைந்த அலைவரிசைக்கு நகரும். போதாததற்கு, செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது 435-இல் ஒன்பது, பத்து கிலோஹெர்ட்ஸ் கூடுதலாக விழும். தாண்டிப் போனதும் அதே அளவு குறையும். ரயில் நெருங்கும்போதும் கடக்கும்போதும் ஹாரன் சத்தம் மாறுகிறதே, அதே கணக்கு. ஆகவே விரல் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தன் குரலே மேலே போய்த் திரும்பி வருகிறதா என்று காது தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆன்டெனாவுக்குப் பெரிய செலவு இல்லை. பிவிசி குழாயும், தச்சர் வைத்திருக்கும் எஃகு அளவுநாடாவும் போதும். 145-இன் இரண்டு மீட்டர் அலைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் துண்டுகள். 435-க்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பிடிக்கிற கை பழக வேண்டும். மேலே செயற்கைக்கோள் சுழன்றபடி போவதால் அலையின் நிலையும் மாறும். குரல் தேய்கிறது என்றால் பதறக் கூடாது. மணிக்கட்டைக் கால் திருப்பு திருப்பினால், இரைச்சலுக்குள்ளிருந்து குரல் எழுந்து வரும். இதைப் புத்தகம் சொல்லித் தராது.

பேச்சு என்ன? பெரும்பாலும் அழைப்புக்குறியும் கட்ட எண்ணும்தான். ஹாம்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் எல்லாம் எம்ஜே89. அருப்புக்கோட்டைக்குப் போனால் கட்டம் மாறிவிடும். 78-ஆவது தீர்க்கரேகை இடையில் ஓடுகிறது. மதுரையும் வேறு கட்டம். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோட்டயமும் ஆலப்புழையும் நம்மோடு ஒரே கட்டம்! பேசியதற்குச் சான்றாக அஞ்சலில் அனுப்பும் அட்டைக்கு க்யூஎஸ்எல் என்று பெயர். காலண்டர் அச்சடிக்கிற ஊருக்கு அட்டை அச்சடிக்கவா சொல்லித் தர வேண்டும்?

குறையையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் ஏவிய எஸ்ஓ-50 போன்ற எஃப்எம் செயற்கைக்கோளில் ஒரே ஒரு வழித்தடம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். அதிகத் திறனில் கத்துகிறவர் மற்றவரை அமுக்கிவிடுவார். இப்படிப்பட்டவருக்கு ஹாம்கள் வைத்த பட்டப்பெயர் 'முதலை': வாய் பெரிது, காது சிறிது. எண்ணைச் சொல்லி எண்ணை வாங்கி, கணக்கை ஏற்றுவதே சிலருக்குக் குறி. ஊர் எப்படி, மழை உண்டா என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்த வகையில் ஹாம்சாட் மேல். பலர் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பேச இடம் கொடுத்தது. இன்னொரு வகையும் உண்டு: கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் 2018-இல் போன க்யூஓ-100 அசையாமல் நிற்கிறது. நம் ஊரிலிருந்து மேற்கே 30 பாகை உயரத்தில். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, பிரேசில் வரை மணிக்கணக்கில் பேசலாம். வசதிதான். ஆனால் மணிக்கட்டுக்கு அங்கே வேலை இல்லை.

ஹாம் ரேடியோவில் பேச மத்திய அரசின் உரிமம் கட்டாயம். பன்னிரண்டு வயது நிறைந்தவர் தேர்வெழுதலாம். நம் பகுதிக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: கைபேசிக்கே தடை உள்ள பட்டாசு ஆலைப் பக்கமோ மருந்து இருப்பு வைத்த இடத்திலோ இந்தக் கருவியை எடுக்கவே கூடாது. வீட்டு மாடி போதும். இது மாடியோடு நிற்பதும் இல்லை: 2025 ஜூலையில் விண்வெளி நிலையத்திலிருந்து இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா மாணவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோவில்தான்.

கடைசியாக ஒரு செய்தி. 1974 நவம்பரில் ஏவப்பட்ட ஏஓ-7 என்ற செயற்கைக்கோள் 1981-இல் பேட்டரி ஷார்ட் ஆகிச் செத்துப்போனது. கணக்கை முடித்துவிட்டார்கள். 21 வருடம் கழித்து, 2002 ஜூனில், இங்கிலாந்து ஹாம் ஒருவர் காதில் பழைய மோர்ஸ் ஒலி விழுந்தது. ஷார்ட் ஆன பேட்டரி முழுக்க அறுந்துபோக, சூரிய மின்சாரம் நேராகக் கருவிக்குப் போயிருக்கிறது. வெயில் பட்டால் விழிக்கும், நிழலில் தூங்கும். அது எப்போது விழித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு ஒருவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.